ரிசீவர்: சொல் விளக்கம்

அலபாமா பல்கலைக்கழக அணியின் ரிசீவர்கள் அடுத்த சீசனில் தேறுவார்களா? 2020 தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இது முக்கியமான கேள்வி. அந்த ஆட்டம் பழகாத தமிழருக்கு ரிசீவர் என்றதும் பழைய தொலைபேசியில் காதில் வைக்கும் பாகம் நினைவுக்கு வரும். சொத்து வழக்கில் அலைந்த குடும்பமாக இருந்தால் கோர்ட்டு நியமிக்கும் ரிசீவர். டிஷ் டிவிப் பெட்டிக்கும் அதே பெயர்தான். இந்த மூன்றும் இருந்த இடத்தில் இருந்துகொண்டு வருவதை வாங்கிக்கொள்பவை. கால்பந்து ரிசீவர் அப்படி இல்லை. அவரைத் தமிழில் என்ன சொல்வது என்ற சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்கு 11 பேர். பந்து முட்டை வடிவில் இருக்கும். பெரும்பாலும் கையில்தான் இருக்கும், பெயரில் மட்டும்தான் கால். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை முன்னோக்கி எறிவார். அதை யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. ஆட்டம் தொடங்கும் கோட்டில் ஏழு பேர் வரிசையாக நிற்க வேண்டும். அந்த வரிசையின் இரு முனைகளில் நிற்பவர்களுக்கும், கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் மட்டுமே அந்த உரிமை. நடுவில் நிற்கும் ஐந்து பேர் 50 முதல் 79 வரையுள்ள எண்களை அணிந்து, பெரும்பாலும் எதிரிகளை மறித்துக்கொண்டே காலம் தள்ளுவார்கள். ஆக, ரிசீவர் என்ற சொல்லுக்குள் திறமைக்கு முன்னால் ஓர் உரிமை இருக்கிறது.

1906க்கு முன் இப்படி ஒரு வேலையே கிடையாது. பந்தை முன்னோக்கி எறிவதே விதிமீறல். ஒருவர் பந்தை அணைத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் கூட்டமாக மோதுவார்கள். 1905இல் அடிபட்டு இறந்த ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை நாட்டையே உலுக்கியது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். கூட்டத்தைக் கலைக்கும் வழிகளில் ஒன்றாக அடுத்த ஆண்டு முன்னெறிதல் அனுமதிக்கப்பட்டது. 1906 செப்டம்பர் 5 அன்று விஸ்கான்சினில் கேரல் கல்லூரிக்கு எதிராக செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் முதல் எறியை எறிந்தார். யாரும் தொடாமல் தரையில் விழுந்தது. அன்றைய விதிப்படி பந்து எதிரணிக்குப் போய்விட்டது! பின்னர் அதே ஆட்டத்தில் அவர் எறிந்ததை ஜாக் ஷ்னைடர் பிடித்துப் புள்ளி எடுத்தார்.

ஆனாலும் ஷ்னைடரின் இடத்துக்குப் பெயர் ‘எண்ட்’, அதாவது வரிசையின் முனை. 1913இல் நோட்ரடாம் பல்கலைக்கழகம் 35-13 என்று ராணுவக் கல்லூரியை வீழ்த்தியபோது கஸ் டோரேயின் எறிகளைப் பிடித்த நூட் ராக்னியும் எண்ட்தான். பிறகு முனையில் நின்றவர் வரிசையை விட்டு வெகுதூரம் விலகி நிற்கத் தொடங்கினார். பின்வரிசை ஆள் ஒருவரும் மறுபக்க ஓரத்துக்கு நகர்ந்தார். முன்னவருக்கு ஸ்பிளிட் எண்ட், பின்னவருக்கு பிளாங்கர் என்று பெயர். காலப்போக்கில் இருவரும் ‘வைடு ரிசீவர்’ என்ற ஒரே குடைக்குள் வந்துவிட்டார்கள். வரிசையை ஒட்டியே நிற்கும் டைட் எண்ட் மட்டும் பழைய பெயரை விடவில்லை.

சரி, சொல்லின் வேர். ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீனின் ‘ரெகிபெரே’. அதற்குள் இருப்பது ‘கபேரே’, பொருள்: பிடி, கைப்பற்று. சிறைபிடித்தலைக் குறிக்கும் ‘கேப்சர்’ இதே குடும்பம். (நம் ‘ரசீது’ இந்தக் குடும்பமில்லை. ஒலியைக் கேட்டால் ஏமாந்துவிடுவோம். அது உருது வழியாக வந்த பாரசீகச் சொல், ‘வந்து சேர்ந்தது’ என்று பொருள்.)

தமிழுக்கு வருவோம். அகராதி பார்த்து எழுதுபவர் ‘பெறுநர்’ என்று போட்டுவிடுவார். பள்ளியில் கடிதம் எழுதிய எவருக்கும் அது அனுப்புநருக்குக் கீழே வரும் முகவரிதான். ‘வாங்கி’ என்றால் ஒலிவாங்கிபோல ஒரு கருவி. ‘ஏற்பவர்’ கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ‘ஏற்பது இகழ்ச்சி’ என்று ஆத்திசூடி படித்து வளர்ந்தவர்களுக்கு ஏற்பது என்றால் இரப்பதும்தான். கையேந்தி நிற்கும் ஆளை வேகமாக ஓடுபவனுக்குப் பெயராக வைக்க மனம் வரவில்லை.

ஏன் வேகம் என்கிறேன் என்றால், ரிசீவரின் வேலையில் பெரும்பகுதி பந்து வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எத்தனை கெஜம் ஓடி, எந்தப் பக்கம் வெட்டித் திரும்ப வேண்டும் என்று வகுத்த பாதை இருக்கும். தன்னை மறிக்க வரும் எதிரணிக் காவலனை ஏமாற்றி அந்தப் பாதையில் ஓட வேண்டும். பல நேரம் ரிசீவர் திரும்புமுன்பே பந்து எறியப்பட்டிருக்கும்.

அலபாமாவின் டெவான்டா ஸ்மித்தைப் பார்த்தால் இது புரியும். ஆள் ஒல்லி. 2018 ஜனவரியில், முதலாண்டு மாணவராக, ஜார்ஜியாவுக்கு எதிரான தேசிய சாம்பியன் பட்டப் போட்டியின் கூடுதல் நேரத்தில் 41 கெஜ எறியைப் பிடித்து வெற்றி தந்தவர். 2019இல் ஜெர்ரி ஜூடி, ஹென்றி ரக்ஸ், ஜேலன் வாடில், ஸ்மித் என்று நால்வர் ஒரே அணியில். பள்ளி முடித்து மூன்றாண்டு ஆனவர்கள் தொழில்முறை அணிகளுக்குப் போகலாம். ஜூடியும் ரக்ஸும் போனார்கள். அந்தச் சீசனில் பந்தைப் பிடித்து மொத்தம் 1,256 கெஜம் முன்னேற்றி அணியிலேயே முதலிடத்தில் இருந்த ஸ்மித் போகவில்லை. தொடக்கக் கேள்வியின் பின்னணி இதுதான். அங்கே ஓர் அணியின் ரிசீவர்களை மொத்தமாக ‘ரூம்’ என்கிறார்கள். பயிற்சியாளருடன் தனி அறையில் உட்கார்ந்து படம் பார்த்துப் பாடம் படிப்பதால் வந்த பெயர். ரூமில் இருவர் காலி செய்தால் மிச்சமிருப்பவர் யார், அடுத்த வரிசையில் யார் என்ற கணக்குத்தான் ஒவ்வோர் ஆண்டும்.

2020 அக்டோபரில் டென்னசியுடனான ஆட்டத்தின் முதல் உதையிலேயே வாடிலின் கணுக்கால் உடைந்தது. கணக்கு மொத்தமும் கலைந்தது. அப்புறம் அணியின் இன்னொரு ரிசீவர் ஜான் மெட்சி அந்தச் சீசனில் 916 கெஜம் எடுத்தார். ஸ்மித் 117 பிடிகள், 1,856 கெஜம், 23 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது). 1991இல் டெஸ்மண்ட் ஹோவர்டுக்குப் பிறகு ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கிய முதல் ரிசீவர் அவர்தான். பட்டப் போட்டியில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக முதல் பாதியில் மட்டும் 12 பிடிகள், 215 கெஜம்.

பிடி என்று எழுதும்போதே சொல் கிடைத்துவிடுகிறது, பாருங்கள். லத்தீன் வேரும் பிடிதான். இலங்கைத் தமிழ்க் கிரிக்கெட் செய்திகளில் ‘பிடி கொடுத்து ஆட்டமிழந்தார்’ என்று சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். பந்துவீச்சாளர் நமக்குப் பழகிய சொல். அதே அச்சில் ‘பந்துபிடிப்பாளர்’. முன்னால் வரும் ‘வைடு’க்கு எனக்கு முதலில் தோன்றியது ‘அகல்’. அகலம், விலகி நிற்றல் இரண்டுமே அதில் உண்டு, அழகாகப் பொருந்தும். ஆனால் ‘அகல் பிடிப்பாளர்’ என்றால் கார்த்திகைக்கு விளக்கோடு நிற்பவர் போலாகிவிடுகிறது. ஆகவே ‘ஓரப் பிடிப்பாளர்’. பேச்சில் ரிசீவர் என்றே இருக்கட்டும். எழுத்தில் ‘பெறுநர்’ மட்டும் வேண்டாம். கைக்கு வந்த பந்தை அவர் கோட்டைவிட்டால், ‘பிடி நழுவியது’ என்று எழுதிக்கொள்ளலாம்.