சொந்த சர்வரில் கோப்புகள்: முதலில் திரும்ப எடுக்கும் வழியைப் பாருங்கள்

கோப்புகளைச் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ள விரும்பி ஆலோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் வசதிகளைத்தான் ஒப்பிடுகிறார்கள். காலண்டர் உண்டா, மொபைல் ஆப் எப்படி என்று. சர்வர் படுத்துவிட்டால் கோப்புகளை எப்படி மீட்பீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். மென்பொருளுக்கு மென்பொருள் இதற்குப் பதில் மாறும்.

2016-ல் ஓன்கிளவுட் என்ற கோப்புச் சேமிப்பு மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த நெக்ஸ்ட்கிளவுட், சாதாரண அமைப்பில், கோப்புகளை அதே பெயரில் அதே ஃபோல்டர்களில் ஹார்ட் டிஸ்கில் வைக்கிறது. மென்பொருள் செயலிழந்தாலும் அப்படியே காப்பி செய்துவிடலாம். ஆனால் யாருக்கு எதைப் பகிர்ந்தோம் என்ற விவரம் டேட்டாபேஸில் இருக்கிறது. அதனால் பராமரிப்பு நிலைக்கு மாற்றிவிட்டு, டேட்டா ஃபோல்டர், கான்ஃபிக் கோப்பு, டேட்டாபேஸ் மூன்றையும் சேர்த்தே பேக்கப் எடுக்க வேண்டும்.

சீஃபைல் என்ற இன்னொரு மென்பொருள் கோப்பைத் துண்டு துண்டாக்கிச் சேமிக்கிறது. பெரிய கோப்பில் சிறு திருத்தம் செய்தால் மாறிய துண்டுகள் மட்டுமே போகும். அந்த வேகம் உண்மையிலேயே அருமை. ஆனால் டிஸ்கைத் திறந்தால் உங்கள் கோப்பின் பெயர் எங்குமே தெரியாது, புரியாத எழுத்தும் எண்ணும்தான். அதனுடன் வரும் சோதனைக் கருவியால் டேட்டாபேஸ் இல்லாமலும் கோப்புகளை வெளியே எடுக்கலாம். ஆனால், என்க்ரிப்ட் செய்த, அதாவது கடவுச்சொல்லால் பூட்டிய, லைப்ரரிகளை (கோப்புத் தொகுப்புகளை) அது விட்டுவிடும். இதை முன்கூட்டியே ஒருமுறை செய்து பாருங்கள்.

பல கருவிகளில் கோப்புகளை ஒரே மாதிரி வைத்திருக்கும் சின்க்திங் என்ற மென்பொருளுக்கு நடுவில் சர்வரே தேவையில்லை, கணினி, மொபைல் போன்ற கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். அதை பேக்கப் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். ஓரிடத்தில் அழித்த கோப்பு மற்ற இடங்களிலும் அழிந்துவிடும். பழைய பதிப்புகளைக் காக்கும் வசதியை நாமேதான் இயக்க வேண்டும்.

அப்புறம், அப்டேட். 2023 நவம்பரில் ஓன்கிளவுடின் ஒரு இணைப்புச் செயலியில் வெளியான பாதுகாப்பு ஓட்டை, கன்டெய்னரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் அடைத்து இயக்கும் முறையில்) நிறுவியிருந்தால் அட்மின் கடவுச்சொல்லையே வெளியே காட்டக்கூடியது. அதன் தீவிர மதிப்பு பத்துக்குப் பத்து. நெக்ஸ்ட்கிளவுடில் பெரிய பதிப்புகளைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது. 27-லிருந்து 29-க்கு 28 வழியாகத்தான் போக வேண்டும். தள்ளிப்போட்டால் வேலை கூடிக்கொண்டே போகும்.

இதையெல்லாம் கவனிக்க உங்களிடம் ஆள் இல்லையா? சரி, வாடகைக் கிளவுடே நல்லது. கிரிப்டோமேட்டர் போன்ற கருவியால் கோப்புகளைப் பூட்டிவிட்டு ஏற்றுங்கள். கடவுச்சொல்லோடு மீட்புச் சாவியும் தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. அந்தச் சாவியைத் தாளில் எழுதித் தனியே வையுங்கள்.