ஏறும்போது மூச்சு, இறங்கும்போது தொடை

வட்டக்கானலில் காலையில் கிளம்பி, டால்பின் நோஸ் தாண்டி, வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை அருவிக்கு இறங்கும் பாதையைப் பழனி மலையில் நடந்து பழகிய எல்லோருக்கும் தெரியும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கும்பக்கரை மலையடிவாரம். ஒரே நாளில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் உயரம் இறங்குகிறோம். "இறக்கம்தானே, என்ன கஷ்டம்" என்று கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகள் பெரிதாக மூச்சு வாங்காமலே கீழே வந்து சேர்ந்தும்விடுகிறார்கள். மறுநாள் பஸ் படிக்கட்டில் கால் வைக்கும்போதுதான் விஷயம் தெரியும். அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது.

மூச்சே வாங்காத ஒரு வேலை காலை மட்டும் ஏன் இப்படிப் பிழிந்தெடுக்கிறது? குளிர்காலத்தில் உத்தராகண்டின் அவ்லிக்கோ காஷ்மீரின் குல்மார்க்குக்கோ பனிச்சறுக்கு பழகப் போகிறவர்களும், பாறையேற்றம் கற்கத் தொடங்கும் பிள்ளைகளும் கோடை விடுமுறையில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் இது என்று நினைக்கிறேன். மலைக்கு உடம்பைத் தயார் செய்வது என்றதும் எல்லோருடைய கவனமும் ஏற்றத்தின் மேல்தான் போகிறது. இறக்கத்துக்கென்று தனியாகப் பழகுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

முதலில் கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 1,500 மீட்டர் உயரம் இறங்கினால், அவர் இழக்கும் நிலையாற்றல் கிட்டத்தட்ட 8,80,000 ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். உருண்டு விழாமல் பத்திரமாக வந்து சேர்கிறோம் என்றால், அந்த ஆற்றலில் பெரும்பங்கை நம் தசைகள் வாங்கி வெப்பமாக்கிவிட்டன என்று பொருள். காட்ரோட்டில் இறங்கும் பஸ்ஸில் பிரேக்கும் என்ஜினும் சேர்ந்து செய்கிற வேலையை நடப்பவரின் உடம்பில் பெரும்பாலும் முன்தொடைத் தசைதான் செய்கிறது. ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மெல்ல மடங்குகிறது. மடங்கும் வேகத்தைக் கட்டுக்குள் வைப்பதற்காக முன்தொடைத் தசை இறுகிக்கொண்டே நீள்கிறது.

இறுகிக்கொண்டே நீள்வது என்றால்? ஏறும்போது தசை இறுகிச் சுருங்குகிறது. எலும்பை இழுக்கிறது, உடம்பு மேலே போகிறது. இறங்கும்போதும் அதே தசை அதே திசையில்தான் இழுக்கிறது. ஆனால் உடல் எடை அதைவிட பலமாக எதிர்ப்பக்கம் இழுப்பதால், தசை தோற்றுக்கொண்டே நீள்கிறது. உடலியல்காரர்கள் இதை எக்சென்ட்ரிக் இயக்கம் என்பார்கள்.

இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு ஒன்றல்ல என்பதை 1952-இல் லண்டனில் அபாட், பிக்லாண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் அழகாகக் காட்டினார்கள். இரண்டு மிதிவண்டிகளை முதுகோடு முதுகாக நிறுத்தி, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுற்றும் மிதிகட்டையைத் தடுக்க வேண்டும். ஒரே சங்கிலி, ஒரே விசை, ஒரே வேகம். ஆனாலும் மிதித்தவருக்கு ஆன ஆக்சிஜன் செலவு, தடுத்தவருடையதைப்போல இரண்டரை மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை இருந்தது. மிதிக்கும் வேகம் கூடக்கூட இந்த வித்தியாசமும் கூடியது. பார்வையாளர்கள் முன் இதைச் செய்துகாட்டியபோது, தடுக்கும் பக்கம் உட்கார்ந்த இளம்பெண் அதிகச் சிரமம் இல்லாமலே மிதித்த இளைஞரைக் களைக்க வைத்துவிட்டார். மூச்சு வாங்காமல் கும்பக்கரை வந்து சேர்வதற்கும் இதுதான் காரணம்.

இது ஏன் இவ்வளவு மலிவாக முடிகிறது என்பதற்குத் தசை இழைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே ஆக்டின், மையோசின் என்ற இரு புரதங்களின் நுண்ணிழைகள் ஒன்றினூடே ஒன்று நுழைந்து கிடக்கின்றன. மையோசினில் நீட்டிக்கொண்டிருக்கும் தலைகள் ஆக்டினைப் பற்றும், இழுக்கும், விடும், அடுத்த இடத்தில் மறுபடி பற்றும். பற்றியதை விடுவதற்கு ஒவ்வொரு முறையும் தசையின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று வேண்டும். அந்த ஏடிபியைத் தொடர்ந்து தயாரிக்கத்தான் இவ்வளவு ஆக்சிஜன், இவ்வளவு மூச்சு. இறங்கும்போது தசை நீள்வதால், பற்றியிருக்கும் தலைகளில் பல ஏடிபிக்குக் காத்திராமல் வலுக்கட்டாயமாகப் பிய்க்கப்பட்டு, உடனே மறுபடி பற்றிக்கொள்கின்றன. செலவில்லாத விடுதலை. இதோடு டைட்டின் என்ற புரதம், நம் உடம்பிலேயே மிகப் பெரிய புரதம் அது, விறைத்துக்கொண்டு பளுவில் ஒரு பங்கை ஏற்கிறது. ஆகவே நீளும் தசை, அசையாமல் நின்று தாங்கக்கூடியதைவிட அதிக விசையைத் தாங்குகிறது. தனியாகப் பிரித்தெடுத்த தசையில் அளந்தால் ஒன்றரை மடங்குக்குக்கூடப் போகும்.

வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. குறைந்த இழைகளே அதிகப் பளுவைத் தாங்கும் என்பதால், மூளையும் நரம்பும் குறைந்த இழைகளையே வேலைக்கு அழைக்கின்றன. வந்த ஒவ்வோர் இழைக்கும் சுமை கூடுகிறது. தசை இழை என்பது சார்கோமியர் என்ற மிக நுண்ணிய அலகுகள் ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்த தொடர். அந்த அலகுகள் எல்லாமே சமபலம் உள்ளவை அல்ல. இழுபடும்போது பலவீனமானவை முதலில் நீண்டு, ஆக்டினும் மையோசினும் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு விலகிவிடுகின்றன என்று ஆஸ்திரேலியாவின் டேவிட் மார்கன் 1990-இல் விளக்கினார். அப்படி விலகியவற்றில் சில பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அக்கம்பக்கத்துச் சவ்வு கிழிகிறது, கால்சியம் உள்ளே கசிகிறது, சில மணி நேரத்தில் அழற்சி தொடங்குகிறது, நரம்பு முனைகள் கூர்மை அடைகின்றன. இத்தனையும் நடந்து முடிய நேரம் ஆகும் அல்லவா? அதனால்தான் வலி உடனே வராமல் ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சம் தொடுகிறது.

"லாக்டிக் ஆசிட் சேர்ந்துபோச்சு" என்று இதற்குக் காரணம் சொல்வது ஜிம்மிலும் மைதானத்திலும் இன்னும் வழக்கம். அது சரியில்லை. கடுமையாக ஓடிச் சேர்ந்த லாக்டேட்கூட ஓய்வெடுத்தால் ஒரு மணி நேரம் போல ஆகும்போது இரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடும். மூன்றாம் நாள் வலிக்கு அது பொறுப்பாக முடியாது. தவிர, இறக்கத்தில் லாக்டேட் சேர்வதே குறைவு; வலியோ இறக்கத்துக்குத்தான் அதிகம். தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்தான் காரணமாக இருக்கும் என்று அமெரிக்காவின் தியோடர் ஹஃப் 1902-லேயே எழுதிவிட்டார்.

இதில் நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை இப்படி அடிபட்டு ஆறிய தசை, அடுத்த முறை அதே இறக்கத்தை மிகக் குறைந்த சேதத்தோடு கடக்கிறது. இந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில் நீடிக்கும். சில தசைகளில் ஆறு மாதம் வரைகூட ஓரளவு மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதல் முறை கால் முறியும் அளவுக்கு இறங்க வேண்டியதும் இல்லை. வலி தெரியாத அளவுக்குச் சிறிய இறக்கமே கணிசமான காப்பைத் தருகிறது. நரம்பு இழைகளை அழைக்கும் விதம் மாறுகிறது, தசையைச் சுற்றியுள்ள இணைப்புத் திசு உறுதியாகிறது, சார்கோமியர்களும் எண்ணிக்கையில் கூடுவதாகத் தெரிகிறது.

பனிச்சறுக்குக்கு இது எப்படிப் பொருந்தும்? பனியில் வளைந்து வளைந்து இறங்கும் வீரரின் வெளிப்புறக் கால் ஒவ்வொரு வளைவிலும் உடல் எடையைவிடப் பெரிய விசையைத் தாங்கியபடி மெல்ல மடங்குகிறது. ஓட்டத்திலும் தாவலிலும் தாங்கிய உடனே உந்தல் வரும். பனிச்சறுக்கில் தாங்குதல்தான் பிரதானம் என்று, நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் ஜயன்ட் ஸ்லாலம் போட்டி வீரர்களை வைத்து ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1995-இல் அளந்து காட்டினார்கள். முதன்முதலாகச் சறுக்கப் போகிறவர்கள் இரண்டாம் நாளே தொடை நடுங்கி நின்றுவிடுவதற்கும், களைத்த காலோடு மாலையில் கட்டுப்பாடு இழப்பதற்கும் பெரிய காரணம் இதுவே. சமவெளியில் எவ்வளவு ஓடினாலும் இந்தத் தசைப்பழக்கம் போதிய அளவு வராது. பனி இல்லாத மலை அதைத் தரும்.

ஆஸ்திரியாவின் ஃபோரால்பெர்க் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்களை இரண்டு மாதம் மலை ஏற மட்டும் சொன்னார்கள். திரும்பி இறங்கியது கேபிள் காரில். அடுத்த இரண்டு மாதம் கேபிள் காரில் ஏறி, நடந்து இறங்கினார்கள். 2008-இல் வெளியான முடிவு இது: ஏற்றம் இரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பைக் குறைத்தது; சர்க்கரையை உடல் கையாளும் திறனை மேம்படுத்தியதில் இறக்கமே முன்னே நின்றது. இதயத்துக்கு அதிக வேலை கொடுக்காமல் தசைக்கு வேலை கொடுப்பதால், மூச்சுக் குறைவுள்ளவர்களுக்கும் இறக்கப் பயிற்சியைப் பயன்படுத்திப் பார்த்துவருகிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்குப் பழனிதான் நினைவுக்கு வந்தது. அங்கே ஏறத்தாழ 700 படிகள், பக்கத்தில் சாய்வான யானைப்பாதை, மேலே போக விஞ்ச், ரோப் கார். நம் வழக்கம் நடந்து ஏறுவது. முடியாதவர்கள் விஞ்சில் இறங்குவார்கள். அவ்லிக்குத் தயாராகும் ஒருவர், தரிசனத்தை முடித்துக்கொண்டு, கூட்டம் இல்லாத வேளையில் யானைப்பாதையில் நிதானமாக இறங்கிப் பழகலாம். சில வாரம் கழித்துப் படியில். அதன் பிறகுதான் வெள்ளகவி மாதிரியான நீண்ட இறக்கம். அதுவும் வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும். காட்டுத்தீ அபாயம் உள்ள வறண்ட மாதங்களில் பாதைகளை மூடிவிடுவது உண்டு, அந்தத் தடையை மதிக்க வேண்டும்.

இறங்கும் முறையை வெள்ளகவிக்காரர்களிடம் கற்கலாம். தலைமுறை தலைமுறையாகக் காபியையும் பழத்தையும் தலையிலும் குதிரையிலும் இந்தப் பாதையில் இறக்கியவர்கள். தலைச்சுமையோடு எதிரே இறங்கி வரும் பெண்ணின் காலைக் கவனித்திருக்கிறேன். அடி குட்டையானது. பாதம் முழுதாகத் தரையில் படிகிறது. முழங்கால் முன்கூட்டியே சற்று மடங்கி இருக்கிறது. பின்னால் வரும் பட்டணத்துப் பையன் நீட்டிய காலோடு குதிகாலில் 'தட்' என்று இறங்குகிறான். நேராக நீட்டிய காலில் அதிர்ச்சி மூட்டுக்கும் எலும்புக்கும் போகிறது. தசை தாங்குவதற்கு இடமே இல்லை. எட்டி வைக்கும் ஒவ்வோர் அடியிலும் தசை அதிக நீளத்துக்கு இழுபடுகிறது, நீளமாக இழுபட்ட நிலையில்தான் சேதமும் அதிகம். கையில் தடி இருப்பதும் வெறும் அலங்காரமல்ல. 25 டிகிரி சரிவில் இரண்டு ஊன்றுகோல்களோடு இறங்கியபோது முழங்காலில் விழும் விசை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்ததை சால்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 1999-இல் அளந்தார்கள்.

பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிறு பிள்ளைகளின் தசை இந்த வகைச் சேதத்துக்குப் பெரியவர்களைவிடக் குறைவாகவே ஆளாகிறது. அப்பா மூன்று நாள் நொண்டும் இறக்கத்தை மகள் மறுநாளே மறந்துவிடுவாள். அதை வைத்து அவளால் எதையும் தாங்க முடியும் என்று முடிவு கட்டக் கூடாது. அவளுக்குப் பலவீனமான இடம் வேறு: எலும்பு வளரும் குருத்துத்தட்டுகள். பத்து முதல் பதினைந்து வயதுக்குள் கிடுகிடுவென்று உயரும் காலத்தில், முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாண் வந்து பிடிக்கும் மேட்டில் வலியும் வீக்கமும் வந்தால், இறக்கத்தையும் குதிப்பதையும் குறைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாறையேறும் பிள்ளைகளுக்கு விரல். ஒரு பிடியிலிருந்து விழுந்து கீழ்ப்பிடியைச் சட்டென்று பற்றுவது விரல் மடக்கும் தசைக்கு வேகமான இறக்கம்தான். வளர்ந்து முடிந்த கையில் தசையோ தசைநாணோ பட வேண்டிய அடி, பதின்மூன்று பதினாறு வயதில் குருத்துத்தட்டில் விழுகிறது. நடுவிரலின் நடுக்கணுவில் எலும்பு முறிவாகவே வருகிறது. கால் ஊன்றாமல் கைகளால் மட்டும் தாவி ஏறி இறங்கும் பலகைப் பயிற்சி வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று மலையேற்ற அமைப்புகள் எச்சரிப்பது இதனால்தான். இரண்டு வாரத்துக்கு மேல் விரல்கணு வலித்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

பெரியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பழக்கமில்லாத காலோடு வெயிலில், தண்ணீர் போதாமல், நெடுந்தூரம் இறங்கியவருக்கு மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அதைச் சாதாரண உடல்வலி என்று விட்டுவிடக் கூடாது. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கான அறிகுறி அது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாதாரண வலிக்கு நிழலில் மெதுவான நடையும், நல்ல சாப்பாடும், தூக்கமும் போதும். வலி போன பிறகும் தசையின் பலம் முழுதாகத் திரும்ப ஒரு வாரம் வரை ஆகலாம். ஆகவே கடைசிப் பெரிய இறக்கத்துக்கும் பனிக்குக் கிளம்பும் நாளுக்கும் இடையில் பத்து நாளாவது விட்டுவைக்கவும்.