ஃபிக்ஸட் டியூஷன்: எது மாறாது, யாருக்கு மாறாது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்பு விவரங்களைப் புரட்டினால் ‘ஃபிக்ஸட் டியூஷன்’, ‘கியாரண்டீட் டியூஷன்’, ‘டியூஷன் லாக்’ என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும். பெயர் எதுவானாலும் ஏற்பாடு ஒன்றுதான். ஒரு மாணவர் சேரும் ஆண்டில் என்ன கட்டணமோ, அதையே படிப்பு முடியும் வரை, பெரும்பாலும் நான்கு ஆண்டுகளுக்கு, கட்டினால் போதும். நடுவில் ஏற்ற மாட்டார்கள். தமிழில் இதை ‘நிலையான டியூஷன் கட்டணம்’ என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அதில் ‘டியூஷன்’ ஒரு பக்கம் இழுக்கிறது, ‘நிலையான’ இன்னொரு பக்கம் இழுக்கிறது.

முதலில் டியூஷன். நமக்கு டியூஷன் என்றால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு கணக்கு வாத்தியார் வீட்டில் போய் உட்காருவது. இலங்கைத் தமிழர் ‘ரியூசன்’ என்று எழுதுவார்கள், பொருள் அதேதான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கற்பித்தலுக்கு டியூஷன் என்று பெயர். அதற்கான பணத்தைச் சொல்ல ‘ஃபீஸ்’ என்று தனியாகச் சேர்ப்பார்கள். அமெரிக்கர்கள் அந்தச் சேர்க்கையை விட்டுவிட்டார்கள். அவர்கள் ‘டியூஷன் ஏறிவிட்டது’ என்றால் பணம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீன். ‘துயேரி’ என்றால் கண்காணித்துக் காப்பது. அதிலிருந்து பிறந்த ‘துயிட்டியோ’ காவல், பாதுகாப்பு என்ற பொருளில் வழங்கியது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும், 15ஆம் நூற்றாண்டில், ஒருவரைப் பொறுப்பில் வைத்துக் காப்பது என்ற பொருள்தான் இருந்தது. டியூட்டர் என்பதும் அதே வேர். ரோமானியச் சட்டத்தில் தந்தையை இழந்த சிறுவர்களுக்கும் அவர்கள் சொத்துக்கும் காப்பாளராக இருப்பவருக்கு ‘தூத்தோர்’ என்று பெயர். பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அவனுக்குப் பாடமும் சொல்லிக்கொடுப்பார் அல்லவா? அப்படித்தான் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கற்பித்தல் என்ற பொருள் சேர்ந்தது. பணம் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டு விவகாரம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கல்விக் கட்டணம் என்பது உடனே நாவில் வரும். ‘பணம் கட்டு’ என்கிறோமே, அந்தக் ‘கட்டு’தான் கட்டணத்தின் அடி. நல்ல சொல், எல்லோருக்கும் புரியும். ஆனால் இங்கே அது சற்று அகலமாகிவிடுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக ரசீதில் ‘டியூஷன்’ ஒரு வரி, ‘ஃபீஸ்’ இன்னொரு வரி. முன்னது பாடம் நடத்துவதற்கு. பின்னது ஆய்வகம், உடல்நலம், கணினி வசதி, மாணவர் மன்றம் என்று நீளும் சில்லறைப் பட்டியல். சில்லறை என்று சொன்னாலும் கூட்டிப் பார்த்தால் சில இடங்களில் கனமான தொகை. தமிழில் இரண்டையும் கட்டணம் என்றே எழுதினால் எது மாறாது என்பதே மறைந்துவிடும்.

நல்ல வேளையாக, இதற்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். தமிழ்நாட்டு அரசுக் கோப்புகளில் ‘கற்பிப்புக் கட்டணம்’ என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குச் சலுகை தரும்போதும் இந்தச் சொல்லைத்தான் பார்க்கிறோம். விடுதிக் கட்டணம், தேர்வுக் கட்டணம் எல்லாம் அதில் சேராது. அமெரிக்க டியூஷனுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் இல்லை என்பது என் எண்ணம். மற்றவற்றைப் ‘பிற கட்டணங்கள்’ என்று விட்டுவிடலாம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை, பணப்பை சம்பந்தப்பட்டது. ஜார்ஜியா மாநிலம் 2006 இலையுதிர் பருவத்தில் ‘ஃபிக்ஸ்டு ஃபார் ஃபோர்’ என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. நான்கு ஆண்டுக்கு மாறாது என்று பெயரிலேயே வாக்குறுதி. 2008இல் பொருளாதாரம் சரிந்து, மாநில அரசு பல்கலைக்கழகங்களுக்குத் தரும் பணத்தைக் குறைத்தது. 2009 தொடக்கத்தில் ‘சிறப்பு நிறுவனக் கட்டணம்’ என்று புதிதாக ஒரு வரி ரசீதில் ஏறியது. கற்பிப்புக் கட்டணத்தைத் தொடவில்லை, ஆகவே சொன்ன சொல் தப்பவில்லை! அதே ஆண்டில் புதிதாகச் சேருபவர்களுக்குத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு மட்டும் பழைய வாக்கு தொடர்ந்தது. ‘கல்விக் கட்டணம் மாறாது’ என்று படித்த ஒரு பெற்றோரும் ‘கற்பிப்புக் கட்டணம் மாறாது’ என்று படித்த ஒரு பெற்றோரும் அந்த ரசீதை வேறு வேறு கண்ணோடு பார்த்திருப்பார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. இலினாயில் உள்ள வெஸ்டர்ன் இலினாய் பல்கலைக்கழகம் 1999இல் தொடங்கிய திட்டத்தில் கற்பிப்பு, பிற கட்டணங்கள், அறை, சாப்பாடு எல்லாமே சேர்த்தி. 2015இல் தொடங்கிய ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் உறுதித் திட்டமும் அப்படித்தான். இவற்றைத் தமிழில் எழுதும்போது ‘மாறாக் கற்பிப்புக் கட்டணம்’ என்றால் குறைத்துச் சொன்னதாகும். ‘மொத்தச் செலவு உறுதி’ என்பது சரியாக இருக்கும்.

அடுத்து ‘ஃபிக்ஸட்’. இதற்குத் தமிழில் ஏற்கெனவே மூன்று நான்கு சொற்கள் வெவ்வேறு வேலை செய்துகொண்டிருக்கின்றன. வங்கியில் ‘நிலையான வட்டி’ என்றால் கடன் முடியும் வரை மாறாத வட்டி. மின்கட்டண ரசீதில் ‘நிலைக் கட்டணம்’ என்றால் எவ்வளவு மின்சாரம் எரித்தாலும், எரிக்காவிட்டாலும், கட்டியாக வேண்டிய தொகை. கல்லூரி விஷயத்தில் நமக்குப் பழகியது ‘நிர்ணயித்த கட்டணம்’. தனியார் தொழிற்கல்லூரிகளின் கட்டணத்தை ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003இல் சொன்னது. குழு முடிவு செய்த கட்டணம் மூன்று ஆண்டுக்குச் செல்லும் என்றும் சொன்னது. அதிலிருந்து ‘ஃபீஸ் ஃபிக்ஸ் பண்ணிட்டாங்க’ என்றால் நம் ஊரில் உச்சவரம்பு வைத்துவிட்டார்கள் என்று பொருள். அமெரிக்க ‘ஃபிக்ஸட்’ வேறு. யார் தீர்மானிக்கிறார்கள், எவ்வளவு வாங்கலாம் என்பதெல்லாம் அதில் வராது. ஒருமுறை சொன்ன தொகை அந்த மாணவருக்கு அப்படியே நிற்கும், அவ்வளவுதான். ஆகவே நிர்ணயம் வேண்டாம், நிலையும் வேண்டாம். ‘மாறா’ போதும்.

யாருக்கு மாறாது என்பதுதான் இதில் பலரும் கவனிக்காத இடம். பல்கலைக்கழகம் கட்டணத்தை உயர்த்துவதை நிறுத்திவிடவில்லை. ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும் அணிக்கு ஒரு புதுத் தொகை. இந்த ஆண்டு சேர்ந்தவர் ஒரு விலை கட்டுவார், அதே வகுப்பறையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சீனியர் வேறு விலை கட்டுவார். ஆங்கிலத்தில் இதைக் ‘கோஹார்ட்’ முறை என்கிறார்கள். ரோமானியப் படைப்பிரிவில் பத்தில் ஒரு பங்குக்குக் ‘கோஹோர்ஸ்’ என்று பெயர். அதிலிருந்து ஒன்றாக நகரும் கூட்டம் என்ற பொருள் வந்தது. நம் கல்லூரிப் பேச்சில் அது ‘பேட்ச்’. எழுத்தில் ‘சேர்க்கை அணி’ எனலாம். கட்டணத்தைச் சொல்லும்போது ‘சேர்க்கையாண்டுக் கட்டணம்’ என்பது இன்னும் தெளிவு. சேர்ந்த ஆண்டின் கட்டணம் கூடவே வருகிறது என்பது சொல்லிலேயே கிடைத்துவிடும்.

இதைச் சட்டமாகவே எழுதியது இலினாய் மாநிலம். 2003இல் நிறைவேறி, 2004-05 கல்வியாண்டில் சேர்ந்தவர்களிடமிருந்து நடைமுறைக்கு வந்தது. பெயர் ‘ட்ரூத் இன் டியூஷன்’, அதாவது கட்டணத்தில் ஒளிவுமறைவின்மை. அரசுப் பல்கலைக்கழகத்தில் சேரும் உள்மாநில மாணவரிடம் தொடர்ந்து நான்கு ஆண்டுக்குச் சேர்ந்தபோது வாங்கிய தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. ‘தொடர்ந்து’ என்பதைக் கவனிக்க வேண்டும். நடுவில் பாடப்பிரிவு மாறினால், முதலிலேயே அந்தப் பிரிவில் சேர்ந்திருந்தால் என்ன கட்டியிருப்பாரோ அந்தத் தொகை. இலக்கியத்திலிருந்து பொறியியலுக்குத் தாவுபவருக்கு ‘மாறாத’ கட்டணம் மாறும்.

டெக்சாஸ் 2013இல் இன்னொரு வழி எடுத்தது. அரசுப் பல்கலைக்கழகங்கள் மாறாக் கட்டணத் திட்டம் ஒன்றை வழங்கியாக வேண்டும், அதில் சேருவது மாணவர் விருப்பம். டல்லாஸ் பகுதியில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகக் கிளை அதற்கு முன்பே, 2007இல், புது மாணவர்களுக்கு இதைக் கொண்டுவந்திருந்தது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போடும்போது இந்தச் சொல்லைத் தாண்டாமல் போக முடியாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2022 இலையுதிர் பருவத்தில் சேர்ந்தவர்களிடமிருந்து தொடங்கியது. அங்கே அதிகபட்சம் ஆறு ஆண்டு.

ஓக்லஹோமாதான் இதில் வெளிப்படையான மாநிலம். அங்கே 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி மாறாக் கட்டணத்தையும் சாதாரணக் கட்டணத்தையும் மாணவர் முன் வைக்க வேண்டும். மாறாக் கட்டணம் சாதாரணக் கட்டணத்தில் 115 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதாவது உறுதிக்கு ஒரு விலை உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. மற்ற இடங்களில் அந்த விலை உள்ளே ஒளிந்திருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. முதல் ஆண்டு 100 டாலர், ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டில் 100, 105, 110.25, 115.76. மொத்தம் சுமார் 431. அதை நான்காகப் பங்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 108. பல்கலைக்கழகம் நட்டமில்லாமல் மாறாக் கட்டணம் வைக்க வேண்டுமென்றால் இந்த 108தான் கேட்கும். நான்கு ஆண்டும் முடிப்பவருக்கு இரண்டும் ஒன்று. முதல் ஆண்டோடு நின்றுவிடுபவர் எட்டு டாலர் கூடுதலாகக் கட்டியிருப்பார், இரண்டாம் ஆண்டோடு நிற்பவர் பத்து டாலருக்கு மேல். படிப்பைப் பாதியில் விடுபவர்களில் பணமில்லாமல் விடுபவர்களும் உண்டு என்பதை நினைத்தால் இந்தக் கணக்கு எனக்கு உவப்பாக இல்லை. வருங்காலச் செலவு தெரியாததால் பல்கலைக்கழகம் 108ஐவிடச் சற்று மேலேயே வைக்கவும் வாய்ப்பிருக்கிறது. இலினாய்ச் சட்டத்தை ஆராய்ந்த ஜெனிஃபர் டெலனி, டைலர் கியர்னி இருவரும், சட்டத்துக்குப் பிறகு அங்கே கட்டணம் எதிர்பார்த்த போக்கைவிடக் கூடுதலாக ஏறியதாகவே கண்டார்கள். ஆகவே ‘மாறா’ என்பதை ‘மலிவு’ என்று படிக்கக் கூடாது.

இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் வேறு சொற்களும் உண்டு. ‘டியூஷன் ஃப்ரீஸ்’ என்பது எல்லோருக்குமே ஏற்றத்தை நிறுத்துவது. இண்டியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகம் 2013இலிருந்து அப்படி நிறுத்தி வைத்தது. உள்மாநில மாணவருக்கு ஆண்டுக்கு 9,992 டாலர் என்ற தொகை பல ஆண்டு அசையாமல் நின்றது. இதைக் ‘கட்டண முடக்கம்’ என்று மொழிபெயர்த்தால் வங்கிக் கணக்கு முடக்கம்தான் நினைவுக்கு வரும். ‘கட்டண உயர்வு நிறுத்திவைப்பு’ நீளம்தான், ஆனால் புரியும். ‘ஃப்ளாட் ரேட்’ என்பது ஒரு பருவத்தில் குறிப்பிட்ட வரம்புக்குள் எத்தனை பாடம் எடுத்தாலும் ஒரே தொகை. அதற்குத் ‘தொகுப்புக் கட்டணம்’ பொருந்தும். பிள்ளை சின்னதாக இருக்கும்போதே இன்றைய விலையில் கட்டிவைப்பது ‘ப்ரீபெய்டு’, முன்செலுத்து திட்டம். மிச்சிகன் 1986இல் இதற்கென்றே ஓர் அறக்கட்டளையைச் சட்டம் போட்டு உருவாக்கியது.

‘கியாரண்டீட்’ என்று வரும் இடத்தில் உத்தரவாதம், உறுதி இரண்டும் சரி. நான் உறுதியை எடுப்பேன், ‘கட்டண உறுதித் திட்டம்’ என்று சேர்த்துச் சொல்ல வாட்டமாக இருக்கிறது. தொகையைச் சொல்லும்போது ‘மாறாக் கற்பிப்புக் கட்டணம்’, அணிக்கு அணி வேறுபடுவதைச் சொல்லும்போது ‘சேர்க்கையாண்டுக் கட்டணம்’, ஏற்பாட்டைச் சொல்லும்போது ‘கட்டண உறுதித் திட்டம்’. எழுதும்போது: ‘அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டண உறுதித் திட்டத்தில் 2022இல் சேர்ந்த அணிக்குக் கற்பிப்புக் கட்டணம் நான்கு ஆண்டுக்கு மாறாது, விடுதி, பிற கட்டணங்கள் மாறலாம்.’

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வரி. ‘மாறாத’ என்பதன் ஈறு கெட்டு ‘மாறா’ ஆகிறது. அதன் பின் வல்லினம் மிகும். ‘மாறா கட்டணம்’ பிழை, ‘மாறாக் கட்டணம்’ சரி. ‘மாறாத கட்டணம்’ என்று முழுசாக எழுதினால் ஒற்று வேண்டாம்.