ட்ரஃபிள் வாசனை வந்தால் ட்ரஃபிள் இருக்கிறது என்று அர்த்தமில்லை

பெங்களூரில் இந்திராநகர், கோரமங்களா பக்கம் சாப்பிடப் போனால் மெனுவில் எங்காவது ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த பூஞ்சையின் பெயர் இருக்கும். ஃப்ரைஸ், பீட்சா, சில இடங்களில் தோசைகூட. ஹோட்டல் சமையலறையில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தட்டுகளுக்கு வாசனை தருவது பெரும்பாலும் ட்ரஃபிள் எண்ணெய்தான். அந்த எண்ணெயில் பெரும்பாலும் ட்ரஃபிளே கிடையாது.

ட்ரஃபிள் என்பது ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி மண்ணுக்குள் விளைகிற பூஞ்சை, பெரும்பாலும் நாய் மோப்பம் பிடித்துக் காட்டித்தான் தோண்டியெடுப்பார்கள். இத்தாலியின் ஆல்பா பக்கத்து வெள்ளை ட்ரஃபிள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கிடைக்கும், அதைத் தோட்டமாக வளர்ப்பது இன்றும் பெரும்பாடு, விலை அப்படி ஏறுவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

எண்ணெய் பாட்டிலில் இருப்பது 2,4-டைதயாபென்டேன் என்ற கந்தகச் சேர்மம். வெள்ளை ட்ரஃபிளின் மணத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு, அதை மட்டும் ஆலையில் தயாரித்து ஆலிவ் எண்ணெயிலோ சூரியகாந்தி எண்ணெயிலோ கலந்துவிடுகிறார்கள். இது விஷம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் நிஜ ட்ரஃபிளில் பல சேர்மங்கள் சேர்ந்து மணக்கும், வாய்க்கு வாய் மாறும். எண்ணெயோ முதல் வாயிலிருந்து கடைசி வரை ஒரே மாதிரி, காஸ் கசிந்தது போலத் தொண்டையில் நிற்கும். வாங்குமுன் பாட்டிலைத் திருப்பிப் பொருள்பட்டியலைப் படியுங்கள். ஃப்ளேவர், அரோமா என்று இருந்தால் நீங்கள் காசு கொடுப்பது அதற்குத்தான், உள்ளே ஒரு காய்ந்த துண்டு மிதந்தாலும் சரி.

மேஜையிலேயே சீவிப் போடுகிறார்கள் என்றால் எந்த வகை, எந்த நாடு என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஏப்ரலில் புது வெள்ளை ட்ரஃபிள் என்றால் நம்பாதீர்கள். ஜூலையில் நல்ல கறுப்பு ட்ரஃபிள் வரலாம், அது குளிர்காலத்தில் விளையும் வகை, ஆஸ்திரேலியாவில் அப்போதுதான் குளிர்காலம். வெட்டிய பக்கத்தைப் பாருங்கள்: குளிர்காலக் கறுப்பு என்றால் உள்ளே கருமையாக, மெல்லிய வெள்ளை நரம்போடு இருக்கும், விலை குறைந்த கோடைக்கால வகைக்கு உள்சதை வெளிர் பழுப்பு. சீன ட்ரஃபிள்தான் சிக்கல், பார்வைக்கு ஏறக்குறைய குளிர்காலக் கறுப்பு மாதிரியே இருக்கும், மணம் மட்டும் ரொம்பக் குறைவு, அதனால் முகர்ந்து பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முழு ட்ரஃபிள் கைக்கு வந்தால் காகிதத் துண்டில் சுற்றி டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், காகிதத்தைத் தினமும் மாற்றி ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கூடவே முட்டையை வைத்தால் ஓட்டைத் தாண்டி மணம் உள்ளே இறங்கிவிடும், அந்த ஆம்லெட் தனி ருசி. வெள்ளை ட்ரஃபிளை அடுப்பில் ஏற்றவே கூடாது, சூடான சாப்பாட்டின் மேல் சீவினால் போதும்.

முக்கியமான ஒன்று. மத்திகெரேயில் இருக்கும் என் சித்தி, மகன் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த ட்ரஃபிளில் மிச்சத்தை நறுக்கி எண்ணெயில் போட்டு, ஊறுகாய் மாதிரி அலமாரியில் வைத்திருந்தார். “சித்தி, ஊறுகாயில் புளிப்பும் உப்பும் இருக்கு, இதில் ரெண்டும் இல்லை, தயவுசெய்து கொட்டிடுங்க” என்றேன். மண்ணில் விளைகிற பொருளில் பாட்டுலினம் கிருமியின் வித்து ஒட்டியிருக்கலாம், காற்றுப் புகாத எண்ணெய்க்குள் அது வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும், உயிரே போகலாம், வாசனையிலோ நிறத்திலோ ஒன்றும் தெரியாது. மிச்சமிருந்தால் வெண்ணெயில் துருவிக் கலந்து சின்னச் சின்ன உருண்டையாக ஃப்ரீசரில் போடுங்கள், தேவைப்படும்போது ஒன்றை எடுத்துச் சூடான சாதத்தில் உருகவிடலாம்.