இலை எடையில் கழிவு: மென்பொருளில் யார் மாற்றுவது?

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுப்பது என் தொழில். தேயிலைத் தூள் ஏலம் கணினிக்கு மாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது மாறிவருவது இலை எடை போடும் இடம். புளூடூத் தராசு, கைபேசிச் செயலி, விவசாயிக்கு உடனே குறுஞ்செய்தி. நல்ல மாற்றம்தான். சீட்டில் எழுதியதை இரவில் கிளார்க் மறுபடி ஏற்றும்போது வந்த பிழைகள் பெருமளவு நின்றுவிட்டன.

எனக்குக் கவலை, இலை எடையிலிருந்து பிடிக்கும் கழிவைப் பற்றித்தான். நனைந்த இலைக்குத் தண்ணீர்க் கழிவு பிடிப்பது இங்கே பழைய வழக்கம். முன்பு எடை போடுபவர், "இலை தண்ணியா இருக்குண்ணா, பத்து கழிக்கிறேன்" என்பார். "எட்டு போடுப்பா" என்று பதில் வரும். இன்று அந்தச் சதவீதம் மென்பொருளின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஓர் எண். ஒரு தொழிற்சாலையில் ஜூன் மழைக்குப் போட்ட 10 சதவீதம் பனிக்காலம் வரை அப்படியே ஓடியது. காய்ந்த இலை நூறு கிலோ கொடுத்தவருக்கும் பத்து கிலோ போனது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. அதை மாற்றுவது யார் பொறுப்பு என்று யாருக்கும் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

இதில் முதலாளிக்கும் நஷ்டம் உண்டு. நாலு, நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் என்பது வழக்கமான கணக்கு. கழிவு கூடினால் பதிவாகும் இலை குறையும், தூள் குறையாது. அவுட்டர்ன், அதாவது இலைக்குக் கிடைக்கும் தூளின் விகிதம், பிரமாதமாகத் தெரியும். வாடல் தொட்டியிலோ டிரையரிலோ நடக்கும் சேதாரம் அதற்குள் மறைந்துவிடும்.

கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிய வேண்டும், அந்தப் பதிவை யாரும் நிறுத்தி வைக்க முடியக்கூடாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) நிறுவனமாக நடக்கும் தொழிற்சாலைகளை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் கழிவு எண்ணுக்காவது அந்தத் திருத்தப் பதிவை வைத்தே தீர வேண்டும் என்பேன். தினமும் காலையில் ஒருவர் தன் பெயரில் அந்த எண்ணைப் புதிதாகப் போடட்டும். போடாவிட்டால் எடை பதிவாகக் கூடாது. மழையில் சிக்னல் போகும் ஊர் இது என்பதால், இணையமில்லாமலும் செயலி ஓட வேண்டும்.

விவசாயிகளுக்கு: குறுஞ்செய்தியில் மொத்த எடை, கழிவு, நிகர எடை மூன்றும் தனித்தனியாக வர வேண்டும். நிகர எடை மட்டும் வந்தால் மறுநாளே கொள்முதல் மையத்தில் கேளுங்கள். உங்கள் கணக்கில் இலை சேகரிக்கும் ஏஜென்டின் கைபேசி எண் இருந்தால் உங்கள் எண்ணுக்கு மாற்றச் சொல்லுங்கள். மாத பில் போட்ட பிறகு பழைய எடையைத் திருத்துவது மிகவும் சிரமம்.