தானே ஆடும் கால்விரல்கள்

முதலில் வருவது வலி. பாதத்தில் எரிச்சல், குடைச்சல், கெண்டைக்கால் வரை பிடுங்கல். மாதங்களோ வருடங்களோ கழித்து விரல்கள் ஆடத் தொடங்கும். பெருவிரல் மெல்ல நிமிரும். மற்றவை விசிறிபோல் விரியும், மடங்கும், மறுபடி விரியும். நொடிக்கு ஒன்றிரண்டு தடவை, மணிக்கணக்கில். முதுகுவலி என்று வருபவரின் சாக்ஸைக் கழற்றச் சொல்லாத டாக்டர் கண்ணில் இது படவே படாது.

பிரிட்டன் மருத்துவர்களான ஸ்பில்லேன், நேதன், கெல்லி, மார்ஸ்டன் ஆகியோர் 1971-இல் 6 நோயாளிகளை விவரித்து, ‘வலிக்கும் கால்களும் அசையும் விரல்களும்’ என்றே இதற்குப் பெயர் வைத்தார்கள். டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை நசுக்குவது, அக்கி, அடிபடுதல், சர்க்கரை நோயால் வரும் நரம்புச் சேதம் எனக் காரணங்கள் பல. காரணமே பிடிபடாதவர்களும் உண்டு.

தண்டுவடத்திலிருந்து கிளம்பும் 31 ஜோடி நரம்புகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேர்கள். முன்வேர் தசைக்குக் கட்டளை கொண்டுபோகும். பின்வேர் உணர்ச்சியை உள்ளே கொண்டுவரும். முன்வேர் சேதமானால் தசை மெலியும், தோலுக்கடியில் சின்னச் சின்னத் துடிப்பு தெரியும். அது பெரும்பாலும் மூட்டை அசைக்காது. விரல்களை இப்படி வரிசையாக ஆட்டுவிக்கப் பல தசைகள் சேர்ந்து இயங்கவேண்டும். அந்த ஒருங்கிணைப்பு தண்டுவடத்திலோ அதற்கு மேலே மூளையிலோதான் நடக்க முடியும்.

அதனால் பலரும் சந்தேகிப்பது பின்வேரை. காயம்பட்ட இழைகள், யாரும் தொடாமலே, தாமாக மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும். ஓயாமல் வரும் இந்தப் பொய்த் தகவலால் தண்டுவடத்தின் இடைநரம்பணுக்கள் (ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் கடத்துபவை) உசுப்பேறிவிடும். ஒரு பக்கம் வலியாக மேலே மூளைக்குப் போவது, இன்னொரு பக்கம் தசைகளை இயக்கும் நரம்பணுக்களையும் கிளப்பிவிடுகிறது. ஒரு காலில் ஆரம்பித்தது சிலருக்கு மறுகாலுக்கும் பரவுவது ஏன் என்பதும் இதனால்தான் புரிகிறது: ஒரே ஒரு வேரின் கோளாறு எதிர்ப்பக்கம் தாவாது, தண்டுவடமும் இதில் சேர்ந்துகொண்டால் தாவும்.

நோயாளி முனைந்தால் ஆட்டத்தைச் சில நொடிகள் அடக்கமுடியும். தூக்கத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். இதைப் பார்த்து “நடிக்கிறார்” என்று முடிவுகட்டுவது அநியாயம். மேலிருந்து வரும் கட்டளை தண்டுவடத்தை அடக்கமுடிகிறது, அவ்வளவே. கால் துறுதுறுப்பு நோயோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் காலை ஆட்டினால் ஆசுவாசம் கிடைக்கும். இதில் ஆட்டவேண்டும் என்ற உந்துதலே கிடையாது.

சிகிச்சை கடினம். கபாபென்டின், ப்ரீகாபலின் மாத்திரைகள் சிலருக்குக் கைகொடுக்கின்றன. தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போட்டதில், விரலாட்டத்தோடு வலியும் குறைந்ததாகச் சில பதிவுகள் உண்டு. தசையிலிருந்து தண்டுவடத்துக்குத் திரும்பிப் போகும் தகவலும் இதில் சேர்த்தி என்று எண்ணவைப்பது அதுதான்.