மறுநாள் மிச்சத்தைச் சுவைத்துப் பாருங்கள்

“இதை இப்பவே திறக்கலாமா, வைத்திருக்கலாமா?” பாரிஸில் ஒயின் பரிமாறும் எனக்கு இது தினசரிக் கேள்வி. பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் என்றாலே பழசாகப் பழசாக ருசி ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். கடையில் இருக்கும் பெரும்பாலான போத்தல்கள் இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்து முடிக்கவே செய்யப்படுகின்றன. இருபது வருடம் தாங்குபவை கொஞ்சம்தான், விலையும் எட்டாது. நடுவில் ஐந்து முதல் பத்து வருடத்தில் பக்குவத்துக்கு வரும் வகை ஒன்று இருக்கிறதே, சாமானியர் தேட வேண்டியது அதைத்தான்.

அண்மையில் மூன்றை ஒப்பிட்டேன், மூன்றும் 2019 அறுவடை. கமே திராட்சையில் செய்த போஜோலே பகுதியின் மொர்கோன், சிரா திராட்சையில் செய்த ரோன் பள்ளத்தாக்கின் குரோஸ்-எர்மித்தாஜ், கபெர்னே சொவிஞோன், மெர்லோ திராட்சைகள் கலந்த போர்தோ பகுதியின் ஓ-மெடோக். போத்தல்களுக்குப் பேப்பர் சுற்றி, வேறொருவரை ஊற்றச் சொன்னேன். கண் நாக்கை ஏமாற்றும். 2001இல் வெளியான போர்தோ ஆய்வொன்றில் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். ஒயின் படிக்கும் 54 மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். நானெல்லாம் எம்மாத்திரம்!

நான் முதலில் பார்ப்பது துவர்ப்பை. நாவல் பழம் தின்றபின் ஈறில் பிடிக்குமே, அது. வருடம் போகப் போக அந்தத் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு பகுதி வண்டலாக அடியில் படியும், வாயில் மெதுமையாகும். புளிப்பு அப்படிக் குறைவதில்லை. பழச்சுவையோ தேய்ந்துகொண்டே போகும். ஆகவே இன்றைக்கே பழம் இல்லாமல் துவர்ப்பு மட்டும் கடிக்கிற ஒயினை நம்பிக் காத்திருக்க வேண்டாம். துவர்ப்பு அடங்குமுன் மிச்சப் பழமும் போய்விடும்.

மூன்றிலும் அரைப் போத்தலை மிச்சம் வைத்து, தக்கையைத் திரும்பச் செருகி, மறுநாள் மாலை ஊற்றினேன். காற்றுப் பட்டு ஒரே நாளில் நடப்பதும் மூடிய போத்தலுக்குள் வருடக்கணக்கில் நடப்பதும் ஒன்றல்ல. ஆனாலும் எது சீக்கிரம் சாயும் என்று காட்டிக்கொடுத்துவிடும். முதல் நாள் வனிலா வாசத்தால் எல்லோரையும் மயக்கியது ஓ-மெடோக். மறுநாள் அதில் புதுப் பீப்பாயின் மரம்தான் மிஞ்சியது. குரோஸில் மிளகு வாசம் அப்படியே இருந்தது, புளிப்புத்தான் மெலிவு. அதை மூன்று நான்கு வருடத்தில் முடித்துவிடுவேன். லேசானது என்று தள்ளிவைத்த மொர்கோன் நிமிர்ந்து நின்றது. 1395இல் பர்கண்டிப் பிரபு பிலிப், கமே கொடிகளை வெட்டியெறியக் கட்டளையிட்டார். அந்த இளக்காரம் இன்னும் முழுக்கப் போகவில்லை, வாங்குகிற நமக்கு அதுவும் நல்லதுதான்.

சுவைத்ததைத் துப்புங்கள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும். இங்கே வண்டி ஓட்டுபவருக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் வந்தாலே குற்றம். நான் மெட்ரோவில்தான் வீடு திரும்புவேன்.

நல்லதாகப் பார்த்து வாங்கிய பிறகும் குசினி அலமாரியிலோ ஃபிரிட்ஜின் மேலோ வைத்துக் கெடுப்பவர்கள் உண்டு. 12 பாகை செல்சியசை ஒட்டி, சூடு ஏறி இறங்காத இருட்டான இடம் வேண்டும். தக்கை நனைந்திருக்கும்படி படுக்கவைக்க வேண்டும். கட்டடத்தின் அடியில் நிலவறை இருந்தால் அதிர்ஷ்டம். நான் ஆறாக வாங்கி வருடத்துக்கு ஒன்று திறப்பேன். மொர்கோனில் இன்னும் ஐந்து கீழே படுத்திருக்கிறது.